மொட்டைமாடி ஒழுகலை நாமே சரிசெய்தல்: ஐப்பசிக்கு முன் முடிக்க வேண்டிய வேலை

கான்கிரீட் தளம் போட்ட வீட்டில் குடியிருக்கும் பலருக்கு, வடகிழக்குப் பருவமழை தொடங்கிய சில நாட்களிலேயே படுக்கையறைக் கூரையில் பழுப்பு நிற வட்டம் ஒன்று மெல்ல விரியும் காட்சி பழக்கமானது. உடனே கடைக்குச் சென்று நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு ஒரு வாளி வாங்கி வந்து, அந்த வட்டத்துக்கு நேர் மேலே இருக்கும் இடத்தில் இரண்டு கோட் அடித்துவிட்டு நிம்மதியடைகிறோம். அடுத்த ஆண்டு அதே வட்டம் சற்றுப் பெரிதாகத் திரும்பி வருகிறது. எங்கள் வீட்டில் இது மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நடந்தது. நீர் நுழைந்த இடம் கூரையில் கறை தெரிந்த இடத்திலிருந்து ஏறக்குறைய ஏழு அடி தள்ளி, கைப்பிடிச் சுவரும் தளமும் சந்திக்கும் மூலையில் இருந்ததை அதற்குப் பிறகே கண்டுபிடித்தோம். ஆகவே இந்த வழிகாட்டியில் பூச்சைப் பற்றிச் சொல்வதை விட, நீரின் பாதையைக் கண்டுபிடிப்பதைப் பற்றியே கூடுதலாகச் சொல்லப்போகிறேன். வேலையின் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது.

நீர் எப்படி உள்ளே வருகிறது

தமிழ்நாட்டு வீடுகளின் மொட்டைமாடி பெரும்பாலும் மூன்று அடுக்குகளால் ஆனது. அடியில் ஆர்.சி.சி. தளம், அதாவது இரும்புக் கம்பி கட்டிப் போட்ட கான்கிரீட். அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து அடித்துக் கெட்டிப்படுத்திய அடுக்கு. எல்லாவற்றுக்கும் மேலே சிமெண்ட் கலவையில் பதித்த தட்டோடு. தட்டோடுகளுக்கு இடையிலான இணைப்புக் கலவை வெயிலில் விரிந்தும் இரவில் சுருங்கியும் சில ஆண்டுகளில் விட்டுப்போகிறது. அந்த இடுக்கு வழியாக இறங்கும் மழைநீரைச் செங்கல் ஜல்லி அடுக்கு பஞ்சைப் போல உறிஞ்சிக்கொள்கிறது. பிறகு அந்த நீர் தளத்தின் மேற்பரப்பிலேயே வாட்டம், அதாவது தளத்தின் இறக்கம், எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கமாக நகர்ந்து, தளத்தில் எங்கே மயிரிழை விரிசலோ மின்குழாய் செல்லும் துளையோ இருக்கிறதோ அங்கேதான் கீழே இறங்குகிறது. மின்விசிறிக் கொக்கியைச் சுற்றி நீர் சொட்டுவதற்குக் காரணம் இதுவே. மழை நின்று இரண்டு நாள் ஆன பிறகும் கூரை சொட்டிக்கொண்டிருப்பதற்குக் காரணம், நடு அடுக்கில் தேங்கிய நீர் மெதுவாக வடிவதுதான்.

மின்விசிறி அல்லது விளக்குப் புள்ளி வழியாக நீர் வந்தால், வேறெதையும் பார்ப்பதற்கு முன் அந்த அறையின் மின்சுற்றைத் துண்டித்துவிட வேண்டும். அந்த இடம் முழுமையாக உலர்ந்து, மின்பணியாளர் ஒருவர் பார்த்த பிறகே மீண்டும் இணைக்க வேண்டும்.

மழைநீர்தானா என்று உறுதி செய்யுங்கள்

எல்லா ஓதமும் மழையால் வருவதில்லை. சித்திரை வெயிலிலும் கறை ஈரமாகவே இருந்தால், மேல்நிலைத் தொட்டியின் அடிப்பகுதியையோ, தளத்துக்குள் புதைந்து செல்லும் தண்ணீர்க் குழாயையோ, மாடிக் குளியலறையையோ சந்தேகிக்க வேண்டும். இரவு படுக்கும்போது தொட்டியிலிருந்து இறங்கும் வால்வை மூடிவிட்டு, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துவைத்துக் காலையில் மீண்டும் பாருங்கள். வால்வை மூடியும் மட்டம் குறைந்திருந்தால் தொட்டியிலேயே கசிவு இருக்கிறது. மட்டம் குறையாமல், வால்வைத் திறந்து வைத்த இரவில் மட்டும் யாரும் நீர் பயன்படுத்தாமலே குறைந்தால் குழாயில் கசிவு. இரண்டுமே இல்லாமல், மழை பெய்த சில மணி நேரத்திலோ மறுநாளிலோ கறை விரிகிறது என்றால் மட்டுமே இந்த வழிகாட்டியின் மீதிப் பகுதி உங்களுக்குப் பயன்படும்.

கறையின் விளிம்பைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் தேதியை எழுதிவையுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் புதிய விளிம்பைக் குறியுங்கள். செலவில்லாத இந்தப் பழக்கம், கசிவு வளர்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பதைப் பின்னாளில் தெளிவாகச் சொல்லிவிடும்.

நாமே செய்யக் கூடாத வேலை எது

கூரையின் சுண்ணாம்புப் பூச்சு உப்பிக் கீழே விழுந்து உள்ளிருக்கும் கம்பி துருவேறித் தெரிந்தாலும், விரிசலின் ஓரத்தில் செந்நிறத் துருக்கறை வழிந்தாலும், பூச்சு வாங்குவதை நிறுத்திவிட்டுக் கட்டுமானப் பொறியாளரை அழைக்க வேண்டும். துரு பிடிக்கும் இரும்பு, தான் இருந்த இடத்தைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கிறது. அந்த அழுத்தம் கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கிறது. மேலே எவ்வளவு நல்ல பூச்சு அடித்தாலும் உள்ளே தொடங்கிவிட்ட இந்தக் கேட்டை அது குணப்படுத்தாது. நாணயம் நுழையும் அளவுக்கு அகன்ற விரிசல், சுவரிலிருந்து தளம் வரை தொடர்ந்து ஓடும் விரிசல், ஆண்டுதோறும் நீளும் விரிசல் ஆகியவற்றுக்கும் இது பொருந்தும்.

தேக்கு உத்திரங்களின்மேல் குறுங்கட்டைகளைப் பரப்பிச் செங்கற்களைச் செங்குத்தாக அடுக்கிச் சுண்ணாம்பில் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. கடுக்காய் நீரும் வெல்ல நீரும் சேர்த்துப் பக்குவப்படுத்திய சுண்ணாம்புக் கலவையால் செய்த அந்தத் தளம் சற்றே நெகிழும் இயல்புடையது. அதன்மேல் கடினமான சிமெண்ட் கலவையைப் பூசினால் இரண்டும் ஒன்றோடொன்று சேராமல் பிரிந்து, ஒழுகல் கூடும். உத்திரத்தின் முனை சுவருக்குள் உளுத்திருக்கிறதா என்பதையும் நம் கண்ணால் தீர்மானிக்க இயலாது. அத்தகைய வீட்டுக்குச் சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைத் தேடிப் பிடிப்பதே வீட்டுக்குச் செய்யும் மரியாதை.

காலம்

‘புரட்டாசியில் பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்’ என்பார்கள். அந்த மாதத்தில் எதை நம்பியும் வேலையைத் தொடங்க முடியாது. கார்த்திகை மழையில் பார்த்துக் குறித்துக்கொண்டு, தை முதல் ஆனி வரையிலான உலர்ந்த மாதங்களில் வேலையை முடிப்பது சிறந்த ஒழுங்கு. ஆடி, ஆவணியில் சென்னைப் பக்கம் மாலை நேர இடிமழை உண்டு என்பதால், அப்போது தொடங்கினால் ஒரு பூச்சுக்கும் அடுத்த பூச்சுக்கும் இடையே தார்ப்பாயோடு காத்திருக்க நேரும்.

மழையில் குடையோடு ஒரு மணி நேரம்

நல்ல மழை பெய்யும்போது, இடி மின்னல் இல்லாத நேரமாகப் பார்த்து, மாடிக்குச் சென்று நில்லுங்கள். நீர் எந்தத் திசையில் ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, வடிகுழாய் வாயில் சுழித்து இறங்குகிறதா அல்லது குளம் கட்டி நிற்கிறதா என்று கவனியுங்கள். மழை விட்ட அரை மணி நேரத்தில், இன்னும் தேங்கி நிற்கும் ஒவ்வொரு குட்டையின் விளிம்பையும் சாக்குக்கட்டியால் வரைந்து படம் எடுத்துவையுங்கள். பிறகு கீழே வந்து, கறையின் மையம் இரண்டு சுவர்களிலிருந்து எத்தனை அடி என்று அளந்து, சுவர்க் கனத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, அதே புள்ளியை மாடியில் குறியுங்கள். அந்தப் புள்ளியிலிருந்து வாட்டம் மேலேறும் திசையில் இருக்கும் ஒவ்வொரு விரிசலும், விட்டுப்போன ஒவ்வொரு இணைப்பும், கைப்பிடிச் சுவரின் அடியும், தொட்டித் தூண்களின் அடியும், கேபிள் கம்பிக்காக ஆணி அடித்த துளையும் சந்தேகத்துக்குரியவை.

மழைக்காலம் போய்விட்டதென்றால் தோட்டக் குழாயால் இதைச் செய்யலாம். மிகத் தாழ்வான இடத்தில் தொடங்கி, ஒவ்வோர் இடத்திலும் அரை மணி நேரம் நீர் விட்டு, ஒருவர் கீழே கூரையைப் பார்த்துக்கொண்டிருக்க, மெல்ல மேல்நோக்கி நகர வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடங்களையும் நனைத்துவிடும். எந்த இடம் குற்றவாளி என்று பிரித்தறிய முடியாது.

மழைநீரின் அளவை மனத்தில் இருத்திக்கொள்வதும் நல்லது. ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் நீர் சேரும். 1,000 சதுர அடி மாடி என்பது ஏறத்தாழ 93 சதுர மீட்டர். ஒரே நாளில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் 9,300 லிட்டர் நீர் அந்த மாடியைக் கடந்துதான் ஆக வேண்டும். 2015 டிசம்பர் தொடக்கத்தில் தாம்பரத்தில் 24 மணி நேரத்தில் 49 சென்டிமீட்டர் பதிவானது. அத்தகைய நாளில், நீர் தேங்காமல் ஓடும் மாடியே தப்பிக்கும். பூச்சின் தரம் அதற்குப் பிறகுதான் கணக்கில் வரும்.

வாட்டமும் வடிகுழாயும்

80 அங்குலத் தூரத்துக்கு ஓர் அங்குலமாவது இறக்கம் இருக்க வேண்டும். அதாவது 20 அடி நீளத்துக்கு 3 அங்குலம். நீர் நிரப்பிய ஒளிபுகும் குழாயான டியூப் லெவலை இருவர் பிடித்தால் பத்து நிமிடத்தில் இதைச் சரிபார்த்துவிடலாம். சிறு குட்டைகள் மட்டும் இருந்தால் அந்த இடத்துத் தட்டோடுகளைப் பெயர்த்து மீண்டும் பதித்தால் போதும். மாடி முழுவதுமே வாட்டம் தவறியிருந்தால், பழைய அடுக்கைப் பெயர்க்காமல் அதன்மேல் புதிய கலவையைக் கொட்டி உயர்த்தும் யோசனைக்கு இணங்காதீர்கள். அது தளத்தின்மேல் நிரந்தரப் பாரமாக அமர்ந்துவிடும்.

100 மில்லிமீட்டர் விட்டமுள்ள வடிகுழாய் ஒன்று, மணிக்கு 100 மில்லிமீட்டர் வேகத்தில் பெய்யும் மழைக்குச் சுமார் 40 சதுர மீட்டர் பரப்பின் நீரையே தாங்கும். எனவே 1,000 சதுர அடி மாடிக்கு மூன்று வாய்கள் இருப்பது நிம்மதி. குழாய் வாயின் விளிம்பு சுற்றியுள்ள தளத்தை விடச் சிறிது தாழ்ந்திருக்க வேண்டும். பல வீடுகளில் அது கால் அங்குலம் மேலே துருத்திக்கொண்டு நிற்கும். அந்தக் கால் அங்குல நீர் மழைக்காலம் முழுவதும் அங்கேயே நிற்கும். குழாயைச் சுற்றியுள்ள கலவையைக் கொத்தி எடுத்து, குழாயை வெட்டித் தாழ்த்தி, மீண்டும் நன்கு அடைத்துப் பூசுங்கள். வாயில் சல்லடை மூடி ஒன்று வையுங்கள். தட்டையான மூடியை ஒரே வேப்பிலைக் குவியல் அடைத்துவிடும் என்பதால் குமிழ் வடிவ மூடியே நல்லது.

தமிழ்நாட்டில் 2003 முதல் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால், உங்கள் வடிகுழாய் கிணற்றுக்கோ தொட்டிக்கோ உறிஞ்சுகுழிக்கோ இணைக்கப்பட்டிருக்கலாம். அடுத்து வரும் கழுவும் வேலைக்கு முன் அந்த இணைப்பைத் திருப்பி, அழுக்கு நீர் வெளியே போகும்படி செய்துவிடுங்கள்.

பரப்பைத் தயார் செய்தல்

உலர்வதற்கும் நீர் தெளித்து ஆற்றுவதற்கும் ஆகும் நாட்கள் போக, கைவேலைக்கு மட்டும் ஐந்து நாளை இதற்கென்றே ஒதுக்குங்கள். முதலில் பாசி. 10 லிட்டர் நீரில் 100 கிராம் அளவுக்குப் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றி, கால் மணி நேரம் ஊறவிட்டு, கம்பி பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். கையுறையும் கண்ணாடியும் அவசியம். விரைவாகப் போகட்டும் என்று அதோடு ஆசிட்டைச் சேர்க்கவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு கிளம்பும். தவிர, ஆசிட் சுண்ணாம்பு அடுக்கையும் அரித்துவிடும். பாசி படிந்த ஈரத் தளம் வழுக்கும் என்பதால், கைப்பிடிச் சுவர் இல்லாத ஓரங்களில் குனிந்தபடி பின்னோக்கி நகர்ந்து தேய்க்காதீர்கள்.

கைப்பிடிச் சுவர் வெடிப்பில் அரச மரக் கன்றோ ஆலங்கன்றோ முளைத்திருந்தால், இலையை மட்டும் கிள்ளிவிடுவது அதை வளர்ப்பதற்குச் சமம். சுற்றியுள்ள பூச்சை உளியால் பெயர்த்து, வேரை முழுவதுமாக இழுத்தெடுத்து, குழியைக் கலவையால் அடைக்க வேண்டும்.

உலர்ந்த பிறகு, சிறு சுத்தியலின் பிடியால் ஒவ்வொரு தட்டோட்டையும் தட்டிப் பாருங்கள். கெட்டியாகப் பதிந்த ஓடு கணீரென்று ஒலிக்கும். அடியில் பிடிப்பு விட்டது பொள்ளலாக ஒலிக்கும். பொள்ளல் ஓடுகளைச் சாக்குக்கட்டியால் குறித்துப் பெயர்த்தெடுங்கள். அடியில் உள்ள ஜல்லி அடுக்கு ஈரமாக இருந்தால், இரண்டு மூன்று நாள் வெயிலில் அப்படியே திறந்து விடுங்கள். பிறகு அந்தப் பரப்பை நனைத்து, சிமெண்ட் பால் (நீரில் கரைத்த சிமெண்ட்) தடவி, ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு சலித்த மணல் என்ற கலவையில் ஓட்டைப் பதியுங்கள். விட்டுப்போன இணைப்புகளை ஒரு சென்டிமீட்டர் ஆழத்துக்குச் சுரண்டி எடுத்துவிட்டு, நீர்க்கசிவுத் தடுப்புச் சேர்மானம் கலந்த கலவையை உள்ளே அழுத்தி நிரப்புங்கள். மேலோட்டமாகத் தடவிய கலவை அடுத்த சித்திரைக்குள் செதிலாக உதிர்ந்துவிடும். சிமெண்ட் வேலை செய்த இடத்தின்மேல் ஈரச் சாக்கு விரித்து, ஏழு நாள் காலையும் மாலையும் நீர் தெளிக்க வேண்டும். கோடையில் இந்த நீராற்றலைத் தவறவிட்டால் புதிய கலவையிலேயே விரிசல் விழும்.

விரிசலும் மூலையும்

மயிரிழை விரிசலைப் பூச்சே மூடிவிடும். அதைவிட அகன்றதை உளியால் ‘வி’ வடிவத்தில், ஒரு சென்டிமீட்டர் அகலமும் ஆழமும் இருக்கும்படி திறக்க வேண்டும். நன்றாக இருக்கும் தளத்தை ஏன் மேலும் உடைக்க வேண்டும் என்று மனம் தயங்கும். குறுகிய விரிசலின் வாயில் தடவிய பசை தோல் போல மேலே மட்டும் நிற்கும், உள்ளே இறங்காது என்பதே அதற்கு விடை. தூசியைப் பிரஷ்ஷால் எடுத்து, அசையாத விரிசலுக்குப் பாலிமர் கலந்த சிமெண்ட் கலவையையும், வெயிலுக்கும் குளிருக்கும் அகன்று சுருங்கும் விரிசலுக்கு நெகிழும் பாலியூரித்தேன் சீலன்ட்டையும் (அடைப்புப் பசை) நிரப்புங்கள். எது அசைகிறது என்பதை அறிய, விரிசலின் குறுக்கே சிறிது சாந்து தடவி ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். சாந்து பிளந்தால் விரிசல் உயிரோடு இருக்கிறது.

என் அனுபவத்தில் அதிகம் ஒழுகும் இடம், தளமும் கைப்பிடிச் சுவரும் சேரும் செங்கோண மூலைதான். தளம் ஒரு விதமாகவும் சுவர் வேறு விதமாகவும் விரிவதால் அங்கே கோடு போல ஒரு பிளவு ஓடும். அதைத் திறந்து சீலன்ட் நிரப்பி, அதன்மேல் இரண்டு அங்குலம் உயரமும் இரண்டு அங்குலம் அகலமும் கொண்ட சாய்வான கலவை விளிம்பைக் கரண்டியால் இழுத்துவிடுங்கள். மூலையில் நீர் நிற்காமல் சரிந்து போவதற்கும், பின்னால் அடிக்கும் பூச்சு செங்கோணத்தில் கிழியாமல் வளைந்து ஏறுவதற்கும் இது உதவும். தொட்டித் தூண்களின் அடியிலும், தளத்தைத் துளைத்து வரும் ஒவ்வொரு குழாயைச் சுற்றியும் இதையே செய்ய வேண்டும்.

பூச்சு

பூச்சு அடிக்கும் முன் பரப்பு உண்மையாகவே உலர்ந்ததா என்று சோதியுங்கள். ஒன்றரை அடிச் சதுரமான ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரத்தையும் தளத்தில் டேப்பால் ஒட்டி, ஓர் இரவு விட்டுவிட்டுக் காலையில் பாருங்கள். உட்புறம் நீர்த்துளி படிந்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். உள்ளே அடைபட்ட ஈரம் வெயிலில் ஆவியாகிப் பூச்சைக் கொப்புளமாகத் தூக்கிவிடும்.

மாடிக்கு நெகிழும் அக்ரிலிக் பூச்சு பொதுவாக ஏற்றது. சுவர் பெயிண்டில் மிஞ்சியதை இங்கே பயன்படுத்தாதீர்கள். வாளியில் எழுதியிருக்கும் பரப்பளவு வழவழப்பான தளத்துக்கான கணக்கு. பழைய தட்டோடு கூடுதலாகக் குடிக்கும் என்பதை எதிர்பார்த்து வாங்குங்கள். காலை ஒன்பது மணிக்கு முன்போ மாலை நான்கு மணிக்குப் பின்போதான் அடிக்க வேண்டும். உச்சி வெயிலில் சுடும் தளத்தின்மேல் பூச்சு ஒட்டுவதற்குள் காய்ந்துவிடும். முதலில் உற்பத்தியாளர் சொன்ன அளவில் நீர்த்த பூச்சு. அடுத்து, மூலைகளிலும் நிரப்பிய விரிசல்களின் மேலும் ஈரப் பூச்சில் கண்ணாடியிழை வலையைச் சுருக்கமின்றிப் பதித்து, அதன்மேலேயே மீண்டும் ஒரு கை. அதற்குப் பிறகு மாடி முழுவதற்கும் இரண்டு பூச்சு; முதலாவது கிழக்கு மேற்காக என்றால் இரண்டாவது வடக்கு தெற்காக இருக்கட்டும். கைப்பிடிச் சுவரில் ஓரடி உயரம் வரை ஏற்றிவிடுங்கள். வெள்ளை நிறத்தைத் தேர்ந்தால் வெயிலைத் திருப்பி அனுப்பும். கீழ் அறைகளின் சூடும் சற்றுத் தணியும்.

சோதனை

ஏழு நாள் கழித்து, சந்தேகப்பட்ட பகுதியைச் சுற்றிக் களிமண்ணால் சிறு வரப்புக் கட்டி, ஓர் அங்குல உயரத்துக்கு நீர் நிறுத்துங்கள். ஓர் அங்குல நீர் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 25 கிலோ. ஆகவே மாடி முழுவதையும் ஒரே சமயத்தில் நிரப்பாமல் பகுதி பகுதியாகப் பாருங்கள். பழைய மெட்ராஸ் டெரஸில் இந்தச் சோதனையே வேண்டாம். அருகில் ஒரு தட்டில் அதே உயரத்துக்கு நீர் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் இரண்டும் ஒரே அளவில் குறைந்தால் அது ஆவியானது. வரப்புக்குள் மட்டும் வேகமாகக் குறைந்தால் எங்கோ இறங்குகிறது. 48 மணி நேரம் நீர் நின்று, கூரையின் பென்சில் கோடு தாண்டப்படவில்லை என்றால் வேலை பலித்தது. கசிவு தெரிந்தால் மனம் தளராமல் அந்தப் பகுதியின் விளிம்புகளை மீண்டும் பாருங்கள். பெரும்பாலும் வலை பதிக்க மறந்த ஏதோ ஒரு குழாயடிதான் காரணமாக இருக்கும்.

மாடித்தோட்டம் வைப்பவர்களுக்கு

புதிய பூச்சின்மேல் தொட்டிகளை நேரடியாக வைக்கக் கூடாது. செங்கல் அல்லது தாங்கியின்மேல் தூக்கி வைத்தால் அடியில் நீர் ஓடவும் காற்று உலாவவும் வழி கிடைக்கும். பாரத்தைக் கவனியுங்கள்: ஆட்கள் நடமாடும் மாடிக்கு இந்தியத் தர நிர்ணய விதிகளின்படி கொள்ளப்படும் பாரம் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 150 கிலோ. அரை அடி ஆழத்துக்கு நனைந்த தோட்டமண்ணைப் பரப்பினாலே அதைத் தாண்டி 250 கிலோவை நெருங்கும். தென்னைநார்க் கழிவும் மட்கிய எருவும் பாதிக்கு மேல் கலந்த மண்ணே மாடிக்கு ஏற்றது. பெரிய தொட்டிகளை நடுத்தளத்தில் வைக்காமல், கீழே சுவரோ உத்திரமோ இருக்கும் கோட்டின்மேல் வரிசையாக வையுங்கள்.

கீழே கூரையில் இருக்கும் கறையை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். பூத்திருக்கும் உப்பை ஈரத்துணியால் துடைக்காமல் உலர்ந்த பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, சன்னலைத் திறந்து காற்றாட விடுங்கள். ஓர் ஐப்பசியும் கார்த்திகையும் கடந்து, பென்சில் கோட்டுக்கு வெளியே புதிய கறை எதுவும் வரவில்லை என்று கண்ட பிறகு, தை மாதத்தில் பட்டி பார்த்து வெள்ளையடிக்கலாம்.